கதவுக்கு வெளியே பாடிய தாலாட்டு: கப்பல் நர்சரியில் 22 மாத மகள்

மகளுக்கு அப்போது 22 மாதம். சிங்கப்பூர் மரினா பே முனையத்திலிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் 4 இரவுக் கப்பல் பயணம். நான், கணவர், மகள், தேவகோட்டையிலிருந்து வந்திருந்த மாமியார் என நான்கு பேர்.

ஏறிய அன்றே கப்பலின் நர்சரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், பெயர் கொடுத்தோம். 3 வயது நிறைந்து டயப்பரையும் விட்ட பிள்ளைகளுக்கான விளையாட்டுக்கூடம் இலவசம். அதற்குக் கீழே, 6 மாதம் முதல் 36 மாதம் வரை, தனி நர்சரி. மணிக்கு இவ்வளவு என்று கட்டணம். இடம் குறைவு என்பதால் மாலை நேரங்கள் வேகமாகத் தீர்ந்துகொண்டிருந்தன. படிவத்தில் ஒவ்வாமை, தூங்கும் நேரம், எதைக் கொடுத்தால் அழுகை நிற்கும் என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். குழந்தையை அழைத்துப்போக யாருக்கு அனுமதி என்ற இடத்தில் எங்கள் இருவர் பெயரை மட்டும் எழுதினேன். அத்தை என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவர் பெயரை எழுத எனக்குத் தோன்றவே இல்லை.

அத்தைக்கு இந்த ஏற்பாடே பிடிக்கவில்லை. "பேத்தியைப் பார்த்துக்கொள்ளத்தானே நான் வந்திருக்கிறேன், காசு கொடுத்து எதற்கு விட வேண்டும்?" என்றார். ஆனால் கடல் அமைதியாக இருந்தும் அவருக்குத் தலைச்சுற்றல் வந்துவிட்டது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி அறையில் படுத்துவிட்டார்.

இரண்டாம் நாள் மாலை 7 மணிக்கு அரங்கில் நிகழ்ச்சி. மகளை விட்டபோது மணி 6:45. அவள் வழக்கமாகத் தூங்கும் நேரம் 7:30. புது இடத்தில் தூக்கக் கலக்கத்தோடு ஒரு குழந்தையை விட்டால் என்ன ஆகும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். வாசலில் அழுதாள். "சிறிது நேரத்தில் சரியாகிவிடும், இல்லையென்றால் உங்களைக் கூப்பிடுவோம்" என்றார் அங்கிருந்த பிலிப்பினோப் பெண். கப்பலின் செயலிக்கு அவர்கள் தகவல் அனுப்புவார்கள். நாங்களோ கடலில் ரோமிங் கட்டணம் ஏறிவிடும் என்று பயந்து ஃபோனை விமானப் பயன்முறையில் போட்டிருந்தோம். கப்பலின் வைஃபையை மட்டும் தனியே இயக்க வேண்டும் என்பது இருவருக்கும் தெரியவில்லை.

நிகழ்ச்சி முடிந்து வந்து வைஃபையைப் போட்டபோது மூன்று தகவல்கள் வரிசையாக வந்து விழுந்தன. ஓடினோம்.

நர்சரிக் கதவுக்கு வெளியே ஒரு நாற்காலியில் அத்தை உட்கார்ந்திருந்தார். காலில் செருப்பில்லை. கண்களை மூடி ஆராரோ பாடிக்கொண்டிருந்தார்.

எங்களிடமிருந்து பதில் வராததால் அறைத் தொலைபேசிக்கு அழைத்திருக்கிறார்கள். அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. அந்தப் பெண் பேசியது ஒன்றும் புரியவில்லை. பின்னால் கேட்ட அழுகை மட்டும் புரிந்திருக்கிறது. அந்தத் தலைச்சுற்றலோடு, வழியில் கண்டவர்களிடமெல்லாம் சைகையில் கேட்டு வந்து சேர்ந்திருக்கிறார். குழந்தையைக் கொடுக்கச் சொல்லிக் கையை நீட்டியிருக்கிறார். பெயர் பட்டியலில் இல்லை, கொடுக்க மறுத்துவிட்டார்கள். நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். அவர் அங்கேயே பாட ஆரம்பிக்க, அந்தப் பெண் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு பாட்டு கேட்கும்படி கதவோரமாகவே நடந்திருக்கிறார். நாங்கள் போனபோது மகள் விம்மல் அடங்காமல் தூங்கிக்கொண்டிருந்தாள்.

எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. பெற்ற மகனின் குழந்தை, சொந்தப் பாட்டியிடம் கொடுக்கக் கூடாதா? அத்தைதான் என்னை அடக்கினார். "என்னை யாரென்று அவளுக்குத் தெரியாது. தெரியாத ஆளிடம் கொடுக்காமல் வைத்திருந்தாளே, நல்ல பெண்" என்றார். அன்றிரவு அதை நினைத்து நினைத்து, அவர் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொண்டேன். அந்தக் கதவு அத்தைக்குத் திறந்திருந்தால் வேறு யாருக்கும் திறந்திருக்கும். ஆனால் இவ்வளவு சின்னக் குழந்தைகளின் பெற்றோரை அழைக்கச் செயலியை மட்டும் முதலில் நம்புவது தவறு என்று வாடிக்கையாளர் மேசையில் உறுதியாகச் சொன்னேன். குறித்துக்கொண்டார்கள்.

மறுநாள் அத்தையின் பெயரைச் சேர்த்தோம். காலையில், வயிறு நிறைந்து தெளிவாக இருக்கும்போது, பெற்றோரும் உள்ளே இருக்கக்கூடிய விளையாட்டு நேரத்துக்கு அழைத்துப்போனேன். அதே பெண்ணிடம் பந்து உருட்டி விளையாடினாள். பிறகு ஒரு மணி நேரம் மட்டும் விட்டோம். அழைத்துவர அத்தைதான் போனார், அறை அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு. டயப்பர் போட்ட குழந்தைகளைப் பெரிய நீச்சல் குளத்தில் விடுவதில்லை என்பதால் எங்களுக்கு இந்த ஒரு மணி நேரம் பெரிய உதவி.

*

உங்கள் அனுபவத்தைப் படித்தேன், இங்கிலாந்தின் சவுத்தாம்டனிலிருந்து எழுதுகிறேன். மகனுக்கு ஒன்றரை வயதானபோது பி அண்ட் ஓ நிறுவனக் கப்பலில் நார்வே போனோம். அவர்களின் குடும்பக் கப்பல்களில் இரவு நர்சரி உண்டு, கட்டணம் இல்லை. குழந்தையைத் தூங்கத்தான் கொண்டுபோய் விடுகிறோம். மங்கலான வெளிச்சத்தில் வரிசையாகத் தொட்டில்கள். பகலில் 2 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கூடவே இருக்க வேண்டும். கஷ்டம் எங்கே என்றால் திரும்ப எடுக்கும்போது. தூங்குபவனைத் தூக்கிக்கொண்டு நீளமான நடைபாதை, லிஃப்ட், வெளிச்சம் என்று கடந்து அறைக்கு வருவதற்குள் விழித்துவிடுவான். இரண்டாம் இரவு முதல் அவனுடைய போர்வையைத் தலைவரை போர்த்தி, லிஃப்டை விட்டுப் படியில் இறங்கினேன். அதன் பிறகு விழிக்கவில்லை.

*

நானும் உங்கள் அனுபவத்தைப் படித்தேன். நாங்கள் டெக்சாஸில் இருக்கிறோம். இங்குள்ள கால்வெஸ்டன் துறைமுகத்திலிருந்து கார்னிவல் நிறுவனக் கப்பலில் போனோம். அவர்கள் 2 வயதிலிருந்தே பிள்ளைகள் மன்றத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள். டயப்பர் போட்டிருந்தாலும் சரி, பகலில் காசில்லை. டயப்பரை நாம் கொடுக்க வேண்டும். டிஸ்னி, ராயல் கரீபியன் நிறுவனக் கப்பல்களில் 3 வயதுக்குக் கீழே மணிக்கணக்குக் கட்டணம்தான். பதிவு செய்யும் முன் வயதுக் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஆறு மாத வித்தியாசத்தில் எல்லாம் மாறிவிடும். ஒரு கேள்வி: பாட்டி பாடியது என்ன பாட்டு?

*

என்ன பாட்டு என்று அத்தையிடம் கேட்டேன். எங்கள் வீட்டுக்காரருக்குப் பாடியதுதானாம், அத்தைக்கு அவருடைய மாமியார் சொல்லிக் கொடுத்தது. முழுவதையும் ஃபோனில் பதிவு செய்து, இங்கே மகள் போகும் காப்பகத்திலும் கொடுத்திருக்கிறோம். அடுத்த கப்பலுக்கு இப்போதுதான் பதிவு செய்தோம். "படிவத்தில் முதலில் என் பெயரை எழுது" என்றார் அத்தை.