புதிய நகரில் வாடகை வீடு: நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பலாமா?

கேள்வி:
வணக்கம். இதுவரை நான் காலடி வைத்திராத ஒரு பெருநகரில் அடுத்த மாதம் வேலையில் சேரவிருக்கிறேன். அங்கே எனக்கு உறவினரோ நண்பரோ இல்லை. இணைய விளம்பரத்தில் ஒரு வீடு பிடித்திருக்கிறது. அலுவலகத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் என்று வரைபடம் காட்டுகிறது, வாடகையும் அந்தப் பகுதியில் மற்றவர்கள் கேட்பதைவிடக் குறைவு. உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பதாகவும், பலர் கேட்டுக்கொண்டிருப்பதால் இரண்டு நாள்களுக்குள் முன்பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்பிவிடுவதாகவும் எழுதியிருக்கிறார். போய் இறங்கியதும் பெட்டியோடு அலைய வேண்டாமே என்று பார்க்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1:
அனுப்பாதீர்கள். குறைந்த வாடகை, ஊரில் இல்லாத உரிமையாளர், இரண்டு நாள் கெடு, கூரியரில் சாவி ஆகிய நான்கும் ஒரே இடத்தில் சேர்ந்தால் அது பெரும்பாலும் மோசடிதான். விளம்பரப் படங்களைப் படத்தேடலில் போட்டுப் பாருங்கள். வேறொரு வீட்டின் படங்களைத் திருடிப் போடுவது இவர்களின் வழக்கம். யாரையாவது வீட்டுக்குள் நிற்கவைத்து, காணொலி அழைப்பில் வாசற்கதவிலிருந்து சமையலறைவரை நேரலையாகக் காட்டச் சொல்லுங்கள். உண்மையான உரிமையாளருக்கு இது பெரிய வேலையல்ல. வீடு அவருடையதுதான் என்பதற்குச் சொத்து ஆவணத்தையும் அடையாள அட்டையையும் கேட்டு, பெயர்கள் பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே பணப் பேச்சு.

பதில் 2:
முதல் சில வாரங்களுக்கு ஓர் அறை எடுத்துத் தங்கிக்கொண்டு வீடு தேடுவதே என் பரிந்துரை. செலவு கூடத்தான் செய்யும், ஆனால் பிடிக்காத வீட்டில் ஓராண்டு ஒப்பந்தத்தில் மாட்டிக்கொள்வதைவிட அது மலிவு. வரைபடத்தின் ஆறு கிலோமீட்டரை நம்பாமல், அலுவலகம் தொடங்கும் நேரத்தில் ஒருமுறை அந்த வழியில் போய்ப் பாருங்கள். வீட்டைப் பகலில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் பாருங்கள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுச் சமையலறைக் குழாயையும் திறந்தால் தண்ணீரின் வேகம் தெரிந்துவிடும். ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புது பெயின்ட் அடித்திருந்தால் ஓதத்தை மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். நான் முதலில் பிடித்த வீட்டில் ஓர் அலமாரி சுவரோடு ஒட்டி நின்றது. மழை வந்த பிறகு நகர்த்திப் பார்த்தால் பின்னால் இடுப்பளவுக்குக் கறுப்பாகப் பூஞ்சணம். தரகர் சொல்லாததைக் கீழ்வீட்டுக்காரர் சொல்வார், அவரிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள்.

பதில் 3:
வீடு கிடைத்த பிறகு ஏமாறுவதும் உண்டு என்பதால் ஒப்பந்தத்தைப் பற்றிச் சொல்கிறேன். காலி செய்ய எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், அது இரு தரப்புக்கும் ஒன்றா, இடையில் வெளியேறினால் எவ்வளவு பிடிப்பார்கள், பராமரிப்புக் கட்டணம் வாடகையில் அடங்குமா, முன்பணம் காலி செய்தபின் எத்தனை நாளில் திரும்பி வரும் ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்பது எந்தக் கணக்கிலும் வராது. சாவி வாங்கும் நாளில் உரிமையாளரையோ தரகரையோ உடன் வைத்துக்கொண்டு, மின்மீட்டர் அளவு உட்பட ஒவ்வோர் அறையையும் படம் எடுத்து அன்றே அவருக்கு அனுப்பிவிடுங்கள். நான் அப்படிச் செய்யாததால், குடிபோகும் முன்பே விரிசல் விட்டிருந்த கைகழுவும் தொட்டிக்கு என் முன்பணத்தில் பிடித்துவிட்டார்கள். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. நேரலையில் வீட்டைக் காட்டச் சொன்னேன். நேற்று மாலையிலிருந்து அவரிடமிருந்து பதில் இல்லை. படத்தேடலில் அதே வரவேற்பறை வேறொரு நகரத்து விளம்பரத்தில், வேறு வாடகையோடு இருக்கிறது. மூன்று வாரத்துக்கு அலுவலகத்துக்கு அருகில் ஓர் அறை பேசிவிட்டேன். இருப்பது ஒரு பெட்டிதான், அலைந்துகொள்கிறேன்.