செயற்கைப் பாறையில் வலை மாதிரி வெடிப்பு, அவசரம்!

புதுத்தோட்டம்:
சின்ன அருவிக்கு, கம்பி வலைக்கூடு கட்டி, மேலே சிமெண்ட் பூசி பாறை செதுக்கினோம். அசல் பாறை மாதிரியே வந்தது. மூணாம் நாளே மேலெல்லாம் வலை பின்னின மாதிரி வெடிப்பு. ஞாயிறு திறப்பு. எதைப் பூசினா மறையும்?

கலவைச்சட்டி:
என்ன விகிதம்? எத்தனை இன்ச் கனம்? எந்த மணல்? எப்படி தண்ணி விட்டீங்க?

மணல்மேடு:
எம் சாண்ட் (கல்லை உடைச்சு செய்யுற மணல்)தான் காரணம். தூசி அதிகமிருந்தா தண்ணி அதிகம் கேட்கும், காயும்போது சுருங்கும். பூச்சுக்குன்னே சலிச்சு வர்ற பி சாண்ட் வாங்குங்க.

நெடுங்கரண்டி:
தம்பி, பாதி விவரத்தை விட்டுட்டு கேட்டா எப்படி? இங்கே எத்தனையோ தடவை எழுதியாச்சு. முதல் பூச்சு அரை இன்ச், கம்பி வலைக்குள்ளே அழுத்தி ஏத்தி, கீறி விடணும். மறுநாள் நனைச்சு, செதுக்குற பூச்சு ஒரு இன்ச். 1 சிமெண்ட், 3 மணல், மூட்டைக்கு 125 கிராம் பாலிப்ரொப்பிலீன் நார். விரல் வச்சா பள்ளம் விழணும், சிமெண்ட் ஒட்டக்கூடாது. அப்பதான் செதுக்கணும். 7 நாள் ஈரச்சாக்கு போத்தி வைக்கணும். இதில் எது விட்டுப்போச்சு?

புதுத்தோட்டம்:
1:3தான், எம் சாண்ட். நார் போடலை. காலையும் மாலையும் ஹோஸ் அடிச்சோம்.

செங்கல்சூளை:
கம்பி வலைக்கூடே வேண்டாங்க. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் புல்ஹாம் குடும்பம் செங்கலும் உடைகல்லும் அடுக்கி மேலே சிமெண்ட் பூசித்தான் பாறை செஞ்சாங்க. லண்டன் பாட்டர்சீ பூங்காவில் இன்னும் நிக்குது.

கலவைச்சட்டி:
முன்னால் நீட்டித் தொங்குற பாறையை அப்படிச் செய்தா கனம் தாங்காதுங்க. கம்பியை நெருக்கமா கட்டி ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) வலையை இழுத்து முடிஞ்சா ஆடாது.

செங்கல்சூளை:
வெடிப்பில் தண்ணி இறங்கி வலை துருப்பிடிச்சா?

நெடுங்கரண்டி:
அதைத் தனியா பேசுங்க. தம்பி, மேலே ஈரம் மிதக்குதுன்னு மேஸ்திரி வெறும் சிமெண்டைத் தூவினாரா?

புதுத்தோட்டம்:
ஆமாங்க, ரெண்டு தடவை.

நெடுங்கரண்டி:
அதுதான் காரணம். தூவின சிமெண்ட் மணலில்லாத தோலா நிக்குது, அடிப்பூச்சை விட அதிகமா சுருங்கும். சாக்கு இல்லாததால வேகமா காய்ஞ்சும் போச்சு. சுத்தியல் பிடியால் தட்டிப் பாருங்க. கணீர்னு கேட்டா அடிப்பூச்சு நல்லா பிடிச்சிருக்கு, கம்பி பிரஷால் தோலை மட்டும் தேய்ச்சு எடுங்க. டொப்புன்னு கேட்டா உள்ளே பிடிப்பு விட்டிருக்கு, அந்த இடத்தை வெட்டி, நனைச்சு, புதுக் கலவையை ஒட்ட வைக்கிற அக்ரிலிக் பாண்டிங் திரவம் தடவி, அது காயுறதுக்குள்ளே நார் கலந்த கலவை ஏத்துங்க. சிமெண்ட் பால் (தண்ணியில் கரைச்ச சிமெண்ட்) பூசினா மறுபடி வெடிக்கும். எனாமல் பெயிண்டும் வேண்டாம், புது சிமெண்டின் காரத்தில் உரியும். 28 நாள் கழிச்சு அக்ரிலிக் பெயிண்டை நீர்க்கக் கரைச்சு அடிச்சு, மேட்டை ஸ்பாஞ்சால் துடைங்க. பள்ளத்தில் நிறம் தங்கி நிழல் மாதிரி நிற்கும்.

கலவைச்சட்டி:
குளத்தில் இப்போ மீன் விடாதீங்க. புது சிமெண்டின் சுண்ணாம்பு கரைஞ்சு செத்துடும்.

புதுத்தோட்டம்:
வலது பக்கம் மட்டும் டொப்புன்னு கேட்குது. வெட்டச் சொல்லிட்டேன். திறப்பைத் தள்ளி வச்சாச்சு.