திரும்பத் திரும்ப விழுகிறவர் எங்கிருந்து தொடங்குவது?

கடுகுவிதை:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். வாலிபர் கூட்டங்களில் அடிக்கடி வரும் பிரச்சினை இது. நன்றாக இருக்கும் ஒரு விசுவாசி கோபத்திலோ, இச்சையிலோ, குடியிலோ மறுபடி விழுகிறார். "இந்த வாயை வைத்துக்கொண்டு எப்படி ஜெபிக்கிறது?" என்று ஜெபத்தை நிறுத்துகிறார். அடுத்து, ஆராதனையில் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்துக்கு முன் எழுந்து வெளியே போகிறார். கொஞ்ச நாளில் ஆளையே காணோம். "உறுதியாயிருங்கள்" என்று சொல்வது சுலபம். விழுந்த அன்றைக்கே அவர் என்ன செய்யவேண்டும்? தெளிவாகச் சொல்லுங்களேன்.

எம்மாவு_வழி:
நீங்கள் எழுதிய வரிசையிலேயே விஷயம் இருக்கிறது பிரதர். பாவத்தைவிட, அதற்காக அவரே தனக்குப் போட்டுக்கொண்ட தண்டனைதான் அவரைச் சபையைவிட்டுத் தூக்கியது. "ஒரு வாரம் சுத்தமாக இருந்துவிட்டு ஜெபிக்கிறேன்" என்பார்கள். அந்த ஒரு வாரத்துக்குப் பலம் எங்கிருந்து வரும்? எபிரெயர் 4:16 கிருபாசனத்தண்டைக்கு, அதாவது தேவனுடைய கிருபையின் சிங்காசனத்துக்கு, அழைப்பதே சகாயம் தேவைப்படுகிறவர்களைத்தான்.

அன்றைக்கே பாவத்தைப் பெயர் சொல்லி அறிக்கையிடச் சொல்லுங்கள். "நான் பாவி ஆண்டவரே" என்று பொத்தாம்பொதுவாக முடிப்பது நழுவல். "இன்று சாயங்காலம் மனைவியைக் கைநீட்டி அடித்தேன்" என்று ஒரே வாக்கியம் போதும். அழுகை வரும்வரை காத்திருக்க வேண்டாம். 1 யோவான் 1:9 மன்னிப்பைக் கண்ணீரோடு முடிச்சுப் போடவில்லை. பிறகு மன்னிப்புக் கேட்கும் ஜெபமான சங்கீதம் 51, வாய்விட்டு. 19 வசனம்தான். யாரையாவது காயப்படுத்தியிருந்தால் அவரிடமும் மன்னிப்புக் கேட்கவேண்டும். அதன்பின் வழக்கமான இரவு ஜெபம், வழக்கமான அளவில்.

பலர் தடுக்கிவிழுவது இங்கேதான். பரிகாரமாக மூன்று மணி நேர ஜெபம், உபவாசம், பொருத்தனை (நேர்ந்துகொள்வது) என்று இறங்குவார்கள். சில நாளில் களைத்து, பொருத்தனையும் உடைந்து, ஒரு குற்றவுணர்ச்சி இரண்டாகும்.

திருவிருந்து பற்றி: 1 கொரிந்தியர் 11:28 தன்னைச் சோதித்தறிந்து புசிக்கச் சொல்கிறது; சோதித்தறிந்து எழுந்துபோகச் சொல்லவில்லை. ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் குடிவெறியாயிருந்த அலட்சியத்தைத்தான் பவுல் அங்கே கண்டித்தார் (11:21). சபை ஒழுங்கு நடவடிக்கையில் இருப்பவர், குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தன முறை உள்ள சபையைச் சேர்ந்தவர் என்றால் அது வேறு. போதகரிடமோ குருவிடமோ முதலில் பேசட்டும்.

சூரைச்செடி:
சரீரத்தையும் கவனியுங்கள். சாகவேண்டும் என்று கோரிய எலியாவுக்குத் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தூக்கம், சுட்ட அடை, தண்ணீர், திரும்பத் தூக்கம், திரும்பச் சாப்பாடு (1 இராஜாக்கள் 19). "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற தேவனுடைய கேள்வி ஓரேப் மலையில்தான் வருகிறது, 40 நாள் நடைக்குப் பிறகு.

விழுந்த நேரம், இடம், கூட யார், அதற்கு முன் என்ன நடந்தது என்று நாலு வரி எழுதிவைக்கச் சொல்லுங்கள். சில தடவை எழுதினாலே தடம் தெரிந்துவிடும்: ராத்திரி, தனிமை, கையில் போன். போனைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் போடுவதும் இச்சைக்கு இடம் வைக்காதே என்கிற ரோமர் 13:14க்குக் கீழ்ப்படிவதுதான்.

குடி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பல வருடம் தினமும் அதிகமாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்தவேண்டும். தற்கொலை எண்ணம் இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

கடுகுவிதை:
நன்றி. இரண்டு சந்தேகம். சத்தியத்தை அறிந்தபின் மனப்பூர்வமாய்ப் பாவஞ்செய்தால் இனிப் பலி இல்லை என்கிற எபிரெயர் 10:26ஐ வாசித்துவிட்டு "எனக்கு இனி மன்னிப்பே இல்லை" என்கிறவருக்கு என்ன சொல்ல? இன்னொன்று, இவ்வளவு சுலபமென்றால் துணிந்து பாவம் செய்யமாட்டார்களா?

மூன்றாம்_ஜாமம்:
26ல் நிறுத்தாமல் 29வரை வாசிக்க வையுங்கள். தேவகுமாரனைக் காலின்கீழ் மிதித்து, உடன்படிக்கையின் இரத்தத்தை அசுத்தமென்று எண்ணி விலகுகிறவனைப் பற்றிய பேச்சு அது. விரும்பாததைச் செய்துவிட்டுத் தவிக்கிறவர் ரோமர் 7ஐ வாசிக்கட்டும்.

இரண்டாம் கேள்வி சபைக்குப் பழையது. கி.பி. 250ல் ரோமப் பேரரசர் டேசியஸ் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிடவேண்டும் என்று ஆணையிட்டபோது, திரளான கிறிஸ்தவர்கள் பலியிட்டார்கள். சிலர் பலியிடாமலே, பலியிட்டதாகச் சான்றிதழ் வாங்கிக்கொண்டார்கள். இவர்களைத் திரும்பச் சேர்க்கவே கூடாது என்றார் ரோமாபுரிச் சபையின் குருவான நோவேஷியன். 251ல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில், அந்த ஊர் ஆயர் சிப்ரியான் தலைமையில் கூடிய ஆயர்கள் சேர்க்கலாம் என்றார்கள், ஆனால் விசாரித்து, தவறின் அளவுக்கேற்ற மனந்திரும்புதலின் காலம் வைத்து. இன்றைக்கும் அந்த வழி போதும் என்பது என் கருத்து.

நடைமுறையில் அது, குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்லும் யாக்கோபு 5:16. ஒரே ஒரு ஆள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். வாயை மூடத் தெரிந்தவர். வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்காமல் "இந்த வாரம் குடிச்சீங்களா?" என்றே கேட்கட்டும். முதல் கேள்விக்கு எல்லோரும் "கர்த்தர் கிருபையில் நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வார்கள். கூட்டத்துக்கு முன்னால் சாட்சியாகச் சொல்லவைக்காதீர்கள், அது ஊர்ப்பேச்சாகிவிடும்.

ஆள் வராத முதல் ஞாயிறே யார் போன் பண்ணுவது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். மூன்றாவது வாரம் கூப்பிட்டால் விசாரணை மாதிரிதான் கேட்கும்.