எம்டிடி ரீடிங்ல 85% உயிரோட இருக்குன்னு வருது, மைக்ராஸ்கோப்ல பாத்தா செல் எல்லாம் மிதக்குது, எத நம்புறது?

நள்ளிரவு_இன்குபேட்டர்:

எல்லாருக்கும் வணக்கம். பயோகெமிஸ்ட்ரில பிஎச்டி ரெண்டாவது வருஷம் பண்றேன். மூணு வாரமா ஒரே எடத்துல நிக்கிறேன், லேப்ல செல் கல்ச்சர் தெரிஞ்ச சீனியர்ஸ் எல்லாரும் முடிச்சிட்டுப் போய்ட்டாங்க, கேக்கவும் ஆள் இல்ல.

ஒரு இலையோட மெத்தனால் எக்ஸ்ட்ராக்ட், பாலிஃபினால் நெறைய இருக்கு, அத எம்சிஎஃப்-7ங்கற மார்பகக் கேன்சர் செல்லுல போட்டு 48 மணி நேரம் கழிச்சு, எவ்வளவு செல் உயிரோட இருக்குன்னு கலர் வச்சு பாக்கற எம்டிடி டெஸ்ட் பண்றேன். 96 வெல் (குழி) பிளேட், வெல்லுக்கு 5000 செல், டோஸ் 12.5-ல ஆரம்பிச்சு 400 மைக்ரோகிராம்/மில்லி வரைக்கும், எக்ஸ்ட்ராக்ட கரைக்கற டிஎம்எஸ்ஓ எல்லா வெல்லுலயும் ஒரே மாதிரி 0.1%, ரீடிங் 570 நானோமீட்டர்ல.

வர்ற நம்பர்தான் புரியல. 25-லயும் 50-லயும் கன்ட்ரோல விட அதிகமா 130% வருது. 200-ல 88, 400-ல 85. ஆனா எம்டிடி போடறதுக்கு முன்னாடி அதே 400 வெல்ல மைக்ராஸ்கோப்ல பாத்தேன், செல் எல்லாம் உருண்டையாகி மிதந்துட்டு இருக்கு, அடியில ஒட்டிட்டு இருக்கறது அங்கொண்ணு இங்கொண்ணுதான். அப்புறம் எப்படி 85% வரும்?

இன்னொரு விஷயமும் கவனிச்சேன், சம்பந்தம் இருக்கான்னு தெரியல. எம்டிடி ஊத்தின பத்து நிமிஷத்துலயே 400 வெல் ஊதாவா மாறிடுது. கன்ட்ரோல் வெல் அந்தக் கலருக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகுது. கன்ட்ரோல்ல ஊசி ஊசியா இருக்கற படிகம் செல்லு மேலதான் இருக்கு, 400-ல செல்லே இல்லாத எடத்துலயும் பரவிக் கெடக்கு.

கைடு கிட்ட காட்டினேன். "லோ டோஸ்ல செல்ல வளர்க்குது, ஹை டோஸ்ல கொல்லுது, இன்னும் ரெண்டு தடவ ரிப்பீட் பண்ணி ஆவரேஜ் எடு"ன்னு சொல்றாங்க. ஏற்கனவே அஞ்சு தடவ பண்ணியாச்சு, அஞ்சும் அப்படியேதான் வருது. எனக்கு மனசு ஒப்பல. யாராவது வழி சொல்லுங்க.

ஊதாப்படிகம்:

தங்கச்சி, பதில் நீயே எழுதியிருக்க. அந்தப் பத்து நிமிஷமும், செல் இல்லாத எடத்துல கெடக்கற படிகமும்தான் பதில்.

எம்டிடி செல் செத்திருக்கா இருக்கான்னு பாக்கறதில்ல. அது ஒரு மஞ்சள் டெட்ராசோலியம் உப்பு, அதுக்கு யாராவது எலக்ட்ரான் குடுத்தா ஊதா ஃபார்மசான் ஆகிடும், அவ்வளவுதான் அதோட வேலை. 1983-ல மோஸ்மன் இந்த முறைய வெளியிட்டதுல இருந்து எல்லாரும் "மைட்டோகாண்ட்ரியா வேலை செய்யுது, அதனால கலர் வருது"ன்னே எழுதிட்டு வர்றோம், ஆனா செல்லுக்குள்ள நடக்கற ரிடக்ஷன்ல பெரும்பகுதி என்ஏடிஹெச், என்ஏடிபிஹெச்ங்கற எலக்ட்ரான் சுமக்கற மூலக்கூறுகள வச்சு மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியதான் நடக்குதுன்னு அப்புறமா காட்டிட்டாங்க. சரி, அது போகட்டும். எலக்ட்ரான் குடுக்க செல்லுதான் வேணும்னு இல்ல. வைட்டமின் சி குடுக்கும், குளுட்டாதயோன் குடுக்கும், டிடிடிங்கற லேப் கெமிக்கல் குடுக்கும், உன்னோட பாலிஃபினாலும் தாராளமா குடுக்கும். ஆன்டிஆக்சிடன்ட்னு அதப் புகழறதே எலக்ட்ரான் குடுக்கறதுனாலதான!

அதனால 25, 50-ல வர்ற 130% வளர்ச்சின்னு எழுதிடாத. செல் குடுத்த கலரோட எக்ஸ்ட்ராக்ட் குடுத்த கலரும் சேர்ந்திருக்கு. 400-ல செல் செத்து கலர் கொறஞ்சிருக்கு, அந்தப் பள்ளத்த எக்ஸ்ட்ராக்ட் நெரப்பிடுச்சு.

நாளைக்கே ஒரு பிளேட் வை. செல் வேண்டாம். மீடியா, எக்ஸ்ட்ராக்ட் எல்லா டோஸும், அதே 48 மணி நேரம் இன்குபேட்டர்ல, அப்புறம் எம்டிடி, அதே நேரம், அதே டிஎம்எஸ்ஓ, அதே ரீடர். சீரம் இருக்கற மீடியாவே போடு, அதுவும் கொஞ்சம் கலர் குடுக்கும். எம்டிடி போடாம எக்ஸ்ட்ராக்ட் மட்டும் இருக்கற வெல்லும் மூணு வை, இலையோட சொந்தக் கலர் 570-ல எவ்வளவுன்னு தெரியணும்.

கலர் வந்துச்சுன்னா அத கழிச்சிட்டு போயிடலாம்னு மட்டும் நினைக்காத. செல் இருக்கறப்ப எக்ஸ்ட்ராக்ட்ல கொஞ்சம் உள்ள போயிருக்கும், கொஞ்சம் செதஞ்சிருக்கும், செல் இல்லாத வெல்லுல இருக்கற அளவும் அதுவும் ஒண்ணு இல்ல.

நள்ளிரவு_இன்குபேட்டர்:

அக்கா, இத படிச்சிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். மாஸ்டர்ஸ்ல ஒருத்தர் கூட செல் இல்லாம ஒரு வெல் வைன்னு சொல்லல. இன்னைக்கு சாயங்காலமே பிளேட் போட்டுடறேன். கழுவிட்டு எம்டிடி போட்டா சரியாகுமா?

ஊதாப்படிகம்:

பிபிஎஸ் உப்புக் கரைசல்ல ரெண்டு தடவ கழுவினா பெரும்பாலும் போயிடும். ஆனா உன் 400 வெல்லுல செல் ஒட்டாம மிதக்குது, கழுவினா அதுவும் சேர்ந்து போகும், அரைகுறை உயிரோட இருந்ததும் போகும். வெல்லோட ஓரத்துல பைப்பெட் டிப்ப வச்சு மெதுவா எடு, வேக்குவம் வைக்காத. இதெல்லாத்தையும் விட எஸ்ஆர்பிங்கற சாய டெஸ்ட் பண்றது நல்லது, அது ரிடக்ஷன பாக்காது, புரோட்டீன பாக்கும். 1990-ல கேன்சர் மருந்துத் தேடலுக்காகவே அமெரிக்க தேசிய கேன்சர் நிறுவனத்துல உருவாக்கினது. குளிர்ந்த டிசிஏ ஆசிட் 10% வர்ற மாதிரி ஊத்தி 4 டிகிரில ஒரு மணி நேரம், தண்ணில கழுவி காய வச்சு 0.4% சாயம், 1% அசிட்டிக் ஆசிட்ல அலசி, காஞ்சதும் 10 மில்லிமோலார் டிரிஸ் பஃபர்ல கரைச்சு படிக்கணும். அதுலயும் செல் இல்லாத வெல் கண்டிப்பா வை. டானின் இருந்தா சீரம் புரோட்டீனப் பிடிச்சிட்டு அடியில படியும், அந்தப் படிவும் சாயம் ஏறும்.

பழைய_பைப்பெட்:

மேல அவங்க சொன்னது முழுக்க சரி, நான் வேற ஒண்ணு சேக்கறேன், இதுல எனக்கு ஒன்றரை வருஷம் போச்சு அதான் சொல்லாம இருக்க முடியல.

உங்க செல் நெஜமாவே சாகுதுன்னே வச்சுக்குங்க. எதனால சாகுதுன்னு பாத்தீங்களா? பாலிஃபினால கல்ச்சர் மீடியாவுல போட்டதும் அது காத்துல இருக்கற ஆக்சிஜனோட சேர்ந்து தானாவே ஆக்சிடைஸ் ஆகி ஹைட்ரஜன் பெராக்சைட் உண்டாக்கும். செல்லே இல்லாத மீடியாவுலயே உண்டாகும். 2000-ல பாரி ஹாலிவெல் குழு டீல இருக்கற கேட்டசின் வகைகள வச்சு இத காட்டினாங்க. நம்ம இன்குபேட்டர்ல ஆக்சிஜன் கிட்டத்தட்ட 18, 19% இருக்கு, உடம்புக்குள்ள திசுவுல அதவிட ரொம்ப கம்மி, பெரும்பாலும் ஒற்றை இலக்கந்தான். அதனால பிளேட்ல கொல்றது உங்க மூலிகையா, பெராக்சைடா?

என் கதை இது. நான் ஒரு ஃபிளேவனாய்ட வச்சு ஐசி50 (பாதி விளைவு குடுக்கற டோஸ்) அழகா எடுத்திருந்தேன். ஒரு நாள் மீடியா தீர்ந்துபோச்சுன்னு பக்கத்து லேப்ல இருந்து அதே டிஎம்இஎம் மீடியா வாங்கிப் போட்டேன், செல் ஒண்ணு கூட சாகல. ரெண்டு வாரம் நான்தான் டைல்யூஷன்ல தப்பு பண்ணிட்டேன்னு நினைச்சு திரும்பத் திரும்ப பண்ணேன். கடைசில ரெண்டு பாட்டிலையும் பக்கத்துல பக்கத்துல வச்சு லேபிள் படிச்சேன், அவங்களோடதுல சோடியம் பைருவேட் இருக்கு, என்னோடதுல இல்ல. பைருவேட் பெராக்சைட தின்னுடும். நான் எழுதி வச்சிருந்த மெக்கானிசம், வெஸ்டர்ன் பிளாட், எல்லாமே பெராக்சைட் குடுத்தா எந்த செல்லும் காட்டற விளைவுதான்.

அதனால பெராக்சைட உடைக்கற கேட்டலேஸ் என்சைம் போட்டு ஒரு பிளேட், கொதிக்க வச்சு செயலிழந்த கேட்டலேஸ் போட்டு ஒரு பிளேட், ரெண்டும் வைங்க. உங்க மீடியா பாட்டில் லேபிளயும் இன்னைக்கே படிச்சிட்டு இங்க சொல்லுங்க.

மீடியா_மாத்துறவன்:

சின்னதா ஒண்ணு, அந்த எம்சிஎஃப்-7 எங்க இருந்து வந்துச்சு? பக்கத்து லேப்ல ஒரு ஃபிளாஸ்க் வாங்கினதுன்னா பேசேஜ் நம்பர் (எத்தன தடவ மாத்தி வளர்த்ததுன்னு) கேளுங்க, எஸ்டிஆர் புரொஃபைல் (செல்லோட டிஎன்ஏ அடையாளம்) எடுங்க, மைகோபிளாஸ்மா பிசிஆர் போடுங்க. மைகோபிளாஸ்மா செல் சுவர் இல்லாத உயிர், பெனிசிலின் அதத் தொடாது, 0.22 மைக்ரான் ஃபில்டர்ல கூட நுழைஞ்சு வந்துடும், மீடியா கலங்காது, கண்ணுக்குத் தெரியவே தெரியாது, ஆனா செல்லோட மெட்டபாலிசத்தையே மாத்திடும்.

செல் மாறிப்போறது ஏதோ எப்பவோ நடக்கற விஷயம்னு நினைக்க வேண்டாம். 1966-லயே ஸ்டான்லி கார்ட்லர் 18 மனித செல் லைன பாத்து எல்லாத்துலயும் ஒரே ஜி6பிடி என்சைம் வகை இருக்கு, எல்லாமே ஹீலாங்கற கர்ப்பப்பைவாய்க் கேன்சர் செல்லா இருக்கணும்னு சொன்னார். எம்டிஏ-எம்பி-435ன்னு ஒண்ண வருஷக்கணக்கா மார்பகக் கேன்சர் செல்லுன்னு வச்சு வேலை பண்ணாங்க, அது மெலனோமா செல் லைன் எம்14.

அப்பாவோட_மகள்:

நான் ஆராய்ச்சி பண்றவ இல்ல, லேப் டெக்னீஷியன். எங்க அப்பாவுக்கு குடல் கேன்சர் வந்தப்ப யாரோ "இந்த இலை 90% கேன்சர் செல்ல கொல்லுதாம்"னு ஒரு ஆராய்ச்சிச் செய்திய அனுப்பினாங்க, அவர் கீமோ ரெண்டு சைக்கிள் தள்ளிப் போட்டுட்டார். ஒரு பிளாஸ்டிக் பிளேட்ல நடந்ததுன்னு அவருக்கு எப்படித் தெரியும். நீங்க அந்த நம்பர நம்பாம இங்க வந்து கேட்டீங்களே, அதுக்கு நன்றி சொல்லணும்னுதான் அக்கவுன்ட் ஆரம்பிச்சு எழுதறேன்.

நள்ளிரவு_இன்குபேட்டர்:

பன்னெண்டு நாள் கழிச்சு வர்றேன், எல்லாரும் மன்னிக்கணும், எல்லா பிளேட்டையும் முடிச்சிட்டு எழுதலாம்னு இருந்தேன். (அக்கா, உங்க பதில மூணு தடவ படிச்சேன். அப்பா எப்படி இருக்கார்னு சொல்லுங்க.)

செல் இல்லாத பிளேட்: 400-ல அப்சார்பன்ஸ் 0.46. செல்லோட கன்ட்ரோல் வெல்லே 0.71தான். 50-லயே 0.19 வந்துச்சு. பிளேட்ட வெளிய எடுத்தப்ப ஒரு செல் கூட இல்லாத வெல்லு வரிசையா ஊதா ஏறிட்டே போச்சு, வலது பக்கம் வெளுப்பு, இடது பக்கம் கத்திரிப்பூ கலர். அஞ்சு தடவ ரிப்பீட் பண்ணி அஞ்சு தடவயும் "ஒரே மாதிரி வருது"ன்னு சந்தோஷப்பட்டது இதத்தான்.

எஸ்ஆர்பி: 25, 50 ரெண்டும் கன்ட்ரோல் அளவேதான், வளர்ச்சி எதுவும் இல்ல. 200-ல 41%, 400-ல 12%. செத்த செல்ல மட்டும் நீலமாக்கற டிரிப்பன் ப்ளூல மிதக்கறதையும் சேர்த்து எடுத்து எண்ணினேன், கிட்டத்தட்ட ஒத்துப்போகுது.

மீடியா லேபிள் படிச்சேன் சார், பைருவேட் இல்ல. கேட்டலேஸ் போட்டா 200-ல 41 இருந்தது 83 ஆகிடுச்சு. கொதிக்க வச்சது போட்டா 44. அதாவது 200-ல செத்ததுல பெரும்பகுதி பெராக்சைடால. 400-ல கேட்டலேஸ் போட்டும் 35தான் வந்துச்சு, அங்க வேற ஏதோ மிச்சம் இருக்கு, இல்ல கேட்டலேஸ் பத்தலயான்னு தெரியணும். மைகோபிளாஸ்மா நெகட்டிவ். எஸ்டிஆர்க்கு டிஎன்ஏ அனுப்பியிருக்கேன்.

கைடு கிட்ட எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு நாள் தூங்கல. அப்ஸ்ட்ராக்ட் வேற குடுத்தாச்சு.

பழைய_பைப்பெட்:

பேசி புரிய வைக்க முயற்சி பண்ணாதீங்க. அந்த செல் இல்லாத பிளேட்ட திரும்ப ஒண்ணு போட்டு, கலர் வந்ததும் நேரா அவங்க டேபிள்ல கொண்டு போய் வைங்க. நம்பர் சொன்னா "ரிப்பீட் பண்ணு"ம்பாங்க, கண்ணால பாத்தா கேள்வி வேற மாதிரி வரும். அப்ஸ்ட்ராக்ட திருத்தி அனுப்ப முடியும், வெளியான பேப்பர வாபஸ் வாங்கறதுதான் கஷ்டம், எனக்குத் தெரியும்.

400-க்கு கேட்டலேஸ் அளவ ரெண்டு மடங்கு, நாலு மடங்குன்னு ஏத்திப் பாருங்க. அதுக்கு மேலயும் 35லயே நின்னா அந்த மிச்சத்தத் தேடறதுக்கு அர்த்தம் இருக்கு, அப்ப கேன்சர் இல்லாத செல் லைன் ஒண்ணயும் பக்கத்துல வச்சே ஆகணும், அதையும் இதே அளவு கொன்னா மருந்துன்னு பேச ஒண்ணுமில்ல.

நள்ளிரவு_இன்குபேட்டர்:

இன்னைக்கு காட்டிட்டேன் சார். பிளேட்ட வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு ரொம்ப நேரம் பாத்தாங்க, "இதுல செல்லே இல்லையா?"ன்னு ரெண்டு தடவ கேட்டாங்க. அப்புறம் போன வருஷம் முடிச்ச சீனியரோட நோட்டையும் எடுத்துட்டு வரச் சொன்னாங்க, அதுவும் அதே எம்டிடி, வேற இலை. திங்கக்கிழமை அந்த எக்ஸ்ட்ராக்டுக்கும் சேர்த்து பிளேட் போடறேன். கேட்டலேஸ் ஆர்டர் போட்டாச்சு.