இந்தியன் கழிப்பறை, உயர வாசற்படி: அப்பாவுக்கு ஏற்றபடி மாற்ற எதிலிருந்து தொடங்கலாம்?

காவிரிக்கரை:
தஞ்சாவூர் பக்கம் 1994-ல் கட்டிய சொந்த வீடு, தரைத்தளம் மட்டும். அப்பாவுக்கு 79 வயது. இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வாக்கர் பிடித்து நடக்கிறார். கழிப்பறையும் குளியலறையும் ஒன்றாக, 4க்கு 7 அடி, இந்தியன் கோப்பை. கதவு 2½ அடி, உள்பக்கம் திறக்கும். தெருவாசலில் தலா 7 இன்ச் உயரத்தில் 3 படி, முன்னால் காலியிடம் 6 அடிதான். கொத்தனார் முதலில் வாசலில் சாய்தளம் போடலாம் என்கிறார். எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்ய முடியாது. எதை முதலில் செய்யலாம்?

செங்கல்கட்டு:
கழிப்பறைதான் முதல்ல. வாசலை நாளைக்கு ஒரு தடவை தாண்டுவார். கழிப்பறைக்கு ராத்திரியிலும் எழுந்து போகணும்.

சாதாரண வெஸ்டர்ன் கோப்பை 15-16 இன்ச் உயரம்தான். அதில் உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிட மேலே ஏறிவிடும். மூட்டு மாற்றியவருக்கு அது ஆகாது. 18 இன்ச்சாவது வேணும். கோப்பைக்கு அடியில் 2-3 இன்ச் கான்கிரீட் மேடை போடுங்க, ஆனால் கோப்பையின் அடிப்பாகம் அளவுக்கு மட்டும். அகலமாகப் போட்டால் அதுவே கால் தடுக்கும் படியாகிவிடும்.

இந்தியன் கோப்பையை உடைத்து, டிராப் (கோப்பைக்கு அடியில் தண்ணீர் நிற்கும் வளைவுக் குழாய்) மாற்றி, வாட்டர்ப்ரூஃபிங் செய்து, 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்த்து, டைல்ஸ் ஒட்ட ஒரு வாரம் பிடிக்கும். அதுவரை அவருக்கு கமோட் நாற்காலி வேணும், கழிப்பறையை உடைப்பதற்கு முந்தின நாளே வாங்கிடுங்க. டைல்ஸ் சொரசொரப்பாக, மேட் ஃபினிஷ்ல இருக்கட்டும்.

நிலைக்கால்:
கதவைப் பற்றி. உள்ளே விழுந்தால் அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும், வெளியிலிருந்து தள்ள முடியாது. வெளிப்பக்கம் திறக்க வையுங்கள். கீலை மட்டும் மாற்றினால் போதாது. கதவு உட்காரும் பள்ளம் நிலையின் உள்பக்கம் இருக்கும், நிலையையே கழற்றித் திருப்பி வைக்க வேண்டும். தாழ்ப்பாள், வெளியிலிருந்து காசு வைத்துத் திருப்பக்கூடியதாக இருக்கட்டும்.

நிலையைக் கழற்றும்போதே 3 அடிக்கு அகலப்படுத்திவிடுங்கள். 2½ அடிக் கதவில் நிலை போக 25-26 இன்ச்தான் கிடைக்கும். வாக்கர் போகும், பிற்காலத்தில் வீல்சேர் தேவைப்பட்டால் விரல் முட்டி உரசும் அல்லது போகவே போகாது. ஆனால் மேலே லிண்டல் (கதவுக்கு மேல் சுவரைத் தாங்கும் கான்கிரீட் விட்டம்) வீடு முழுக்க ஓடுகிறதா, கதவுக்கு மேல் மட்டும் உள்ள துண்டு லிண்டலா என்று பூச்சைக் கொத்திப் பாருங்கள். துண்டு என்றால் பக்கத்துக்கு 6 இன்ச்தான் சுவரில் உட்கார்ந்திருக்கும். ஒரு பக்கம் 6 இன்ச் வெட்டினால் தாங்குவதற்கு ஒன்றும் மிஞ்சாது. புது லிண்டல் வைத்த பிறகே வெட்ட வேண்டும்.

செங்கல்கட்டு:
சாய்தளம் அந்த இடத்தில் வராது. 1 இன்ச் உயரத்துக்கு 12 இன்ச் நீளம் என்ற கணக்கில் 21 இன்ச் உயரத்துக்கு 21 அடி நீளம் வேணும். 6 அடியில் அடக்கினால் அது சறுக்குமரம். இறங்கும்போது வாக்கர் முன்னால் ஓடும். கொத்தனார்கள் இதைக் கண்ணளவில் போடுவதுதான் வம்பு. அதுக்குப் பதில் திண்ணையை ஒட்டிப் பக்கவாட்டில் 3½ இன்ச் உயரத்தில் 6 படி. ஒவ்வொரு படியும் 20 இன்ச் ஆழம், வாக்கரின் நாலு காலும் முழுசாக நிற்கணும். இரண்டு பக்கமும் கைப்பிடி.

காவிரிக்கரை:
நன்றி. கோப்பைப் பக்கச் சுவர் நாலரை இன்ச்தான், மறுபக்கம் சமையலறை. கைப்பிடிக் கம்பி தாங்குமா?

நிலைக்கால்:
பிளாஸ்டிக் பிளக் வைத்து முடுக்கினால் தாங்காது. எழும்போது முழு எடையும் அதில்தான் விழும், செங்கல் பொடிந்து பிளக்கோடு கையில் வரும். சுவரை ஊடுருவும் போல்ட் போட்டு, சமையலறைப் பக்கம் 4 இன்ச் இரும்புத் தட்டு வைத்து நட் முடுக்குங்கள். டைலை மட்டும் சுத்தியல் அடி இல்லாமல் டைமண்ட் பிட்டால் துளையுங்கள், இல்லாவிட்டால் விரிசல் விடும். துளைக்குமுன் சமையலறைக் குழாய் எந்தப் பாதையில் போகிறது என்று பிளம்பரிடம் கேட்டுவிடுங்கள்.