பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு புஷ் மாத்தின ஆக்கள், உங்களுக்கு நடந்ததச் சொல்லுங்க

கல்லடிப் பொடியன்:
மஸ்டாட யூனோஸ் ரோட்ஸ்டர், 1990. நாலு வீலுக்கும் இரட்டை விஷ்போன், அதாவது மேல ஒண்டு கீழ ஒண்டா ரெண்டு ஆம். ஆம்ம காரோட பூட்டுற இடத்தில அதிர்வு தாங்கிற உருளைதான் புஷ், உள்ளுக்கு இரும்புக் குழாய், சுத்தி ரப்பர். என்ர கார்ல மொத்தமும் 30 வருசத்து ரப்பர். 2020இல வாகன இறக்குமதி நிண்டதோட புதுக் கார் ஆசைய விட்டுட்டு இதையே திருத்துவம் எண்டு இறங்கினன். பொலி (பொலியூரித்தேன், ரப்பர விடக் கடும் சாமான்) வேணாம், கொம்பனி ரப்பரே போதும் எண்டு முடிவு. ஆம் கழட்டி, பழசப் பிரஸ்ஸில தள்ளி, புதுச ஏத்தி... அதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

மனசில நிக்கிறது வேற. கடைசி நாள் பின்னேரம், கார் ஜக் ஸ்டாண்டில, நாலு வீலும் தொங்குது. கராஜ் பாஸ், மெக்கானிக்தான், என்ர அப்பாட காலத்து ஆள். கீழ படுத்துக்கிட்டே கேட்டாரு, "தம்பி, இறக்கி வெச்சிட்டு ஆம் போல்ட்ட இறுக்குவமா?" எனக்கு விடிய பதுளை ரோட்டால போகணும். "பரவால்ல பாஸ், அப்படியே இறுக்குங்க" எண்டன். அவரு ஒண்டும் சொல்லல்ல. இறுக்கினாரு.

இறக்கினாப் பிறகு கார் கொக்கு மாதிரி கொஞ்சம் உயர்ந்து நிண்டுது. ஓட ஓட அமரும் எண்டு நினைச்சன். எட்டு மாசத்தில முன் பக்கம் டொக் டொக். டோர்ச் அடிச்சிப் பாத்தா, லோவர் ஆம் புஷ்ஷில உள் குழாய்க்கும் ரப்பருக்கும் நடுவில என்ர சுண்டு விரல் நகம் போகுது. தொங்கிற நிலையில இறுக்கினதால, கார் சும்மா நிக்கிற நேரமும் ரப்பர் முறுகிக்கிட்டே இருந்திருக்கு.

காத்தான்குடி நானா:
இதுக்குத்தான் நான் ரப்பர் பக்கமே போகல்ல. அதே யூனோஸ்தான், பொலி போட்டன். பொலி உள் குழாயச் சுத்திக் கிறுகும், அதுக்குக் கிறீஸ் வேணும். கூட வந்த சிலிக்கன் கிறீஸ் பாதியில முடிஞ்சிட்டு, மிச்சத்துக்கு பெயாரிங் கிறீஸப் பூசினன். ரெண்டு மாசம் சத்தமில்ல. மறுகா ஒரு நோன்பு ராவு, தராவீஹ் முடிஞ்சி சனமெல்லாம் ரோட்டில. பேரீச்ச மரம் நிக்கிற மெயின் ரோட்டால மெதுவா வாறன். ஒவ்வொரு மேட்டுக்கும் "கிரீ...ச்". பழைய இரும்புக் கட்டில்ல ஆள் பிரண்டு படுக்கிற மாதிரி. பள்ளிவாசலடியில நிண்ட ஒரு மூத்தாப்பா, "மகன், கதவுக்கு எண்ணை போடுங்க" எண்டாரு. அந்தச் சிரிப்புச் சத்தம் இன்னும் காதுக்குள்ள இரிக்கு.

ஆனா ஸ்டியரிங்? பிடிச்ச இடத்தில நிக்கும்.

கல்முனை மச்சான்:
நானா, ரப்பர் பிழையில்ல, இறுக்கின விதம்தான் பிழை. அத அந்தத் தம்பியே ஒத்துக்கிட்டாரு. என்ர கதை சின்னன். பின் லோவர் ஆம்மில, வீல் கோணத்த மாத்துற கேம் போல்ட் கடல் காத்துக் குடிச்சி உள் குழாயோட ஒட்டிப் போச்சு, ரெண்டு பக்கமும் கிரைண்டரால அறுத்துத்தான் எடுத்தம்.

இனி மாத்தப் போறவங்க கேளுங்க. கழட்ட முதல் கேம் தட்டில கோடு கீறுங்க, இல்லாட்டி திரும்பப் பூட்டக்க வீல் எந்தப் பக்கம் பாக்கும் எண்டே தெரியாது. ரெண்டு நாளைக்கு முதலே துரு எண்ணை அடிச்சி ஊற வைங்க. புதுப் போல்ட் கையில வந்தாப் பிறகுதான் வேலையத் தொடங்குங்க. ரப்பர நெருப்பு வெச்சி எரிக்காதீங்க, அந்தப் புகை கூடாது, லேத் கடையில பிரஸ் இரிக்கு. போல்ட் போடக்க உள் குழாய்க்குள்ள கொஞ்சம் கிறீஸ் தடவுங்க, அடுத்த தரம் கழட்டப்போறதும் நீங்கதான். மறுகா சாய்வுப் பலகையில கார ஏத்தி, மூலைக்கு மூலை அமத்தி விட்டு, வீல் நிலத்தில பாரம் தாங்கி நிக்கிற நிலையில இறுக்குங்க. ஆம் நுனியில வீல் பக்கம் இரிக்கிற போல் ஜொயின்ட்டயும் ஆட்டிப் பாருங்க. கடைசியா வீல் எலைன்மென்ட். அதில மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீங்க.

காத்தான்குடி நானா:
பலகையும் வாணாம் ஒண்டும் வாணாம் மச்சான். பொலி எண்டா தொங்கக்கயும் இறுக்கலாம். அதத்தான் சொன்னன்.

அக்கரைப்பற்று ட்ருவெனோ:
பொலி எல்லாக் காருக்கும் சரி எண்டு மட்டும் சொல்லாதீங்க நானா. எனக்கிட்ட இரிக்கிறது ஏஈ86, பழைய டொயோட்டா ட்ருவெனோ. பின்னுக்கு ரெண்டு வீலுக்கும் ஒரே அச்சு, அதப் பிடிக்க நாலு லிங்க் (தண்டு), பக்கவாட்டில போகாம ஒரு குறுக்கு ரொட். லிங்க் மேல கீழ போகக்க புஷ் கொஞ்சம் நெளிஞ்சி குடுக்கணும். நான் எல்லாத்திலயும் கடும் பொலியப் போட்டன்.

ஒலுவில் தாண்டி, ராவு பத்து மணி, மழைத் தூறல், ரோட்டில மாடு படுத்திரிக்கு. ஸ்டியரிங்க ஒடிச்சன். முந்தி எண்டா பின் பக்கம் வழுக முதல் இருப்பில தெரியும். இந்தத் தரம் ஒண்டுமில்ல, டக்கெண்டு கிறுகிட்டு. கண்ணத் திறந்தா கார் வந்த பக்கமே பாத்து நிக்கிது. லைட்டு வெளிச்சத்தில மாடு அசை போட்டுக்கிட்டு என்னப் பாக்குது. எழும்பவேயில்ல.

அடுத்த கிழமை லிங்க் நாலுக்கும் ரப்பர். குறுக்கு ரொட்டுக்கு மட்டும் பொலி.

கல்லடிப் பொடியன்:
மச்சான், பலகை யோசனை நான் கேக்காட்டியும் நன்றி. ரெண்டாந்தரம் ரப்பர் வாங்கி நானே மாத்திட்டன், இறக்கி வெச்சி. மாமாங்கத் திருவிழாவில பாஸ் கண்டாரு. "தம்பி, அந்தப் புஷ் எப்படி?" எண்டு கேட்டாரு.

நல்லா ஓடுது பாஸ் எண்டன்.