ஃபோர்வீல் லிவர் மாட்டிக்கிட்டு, பெட்டிய இறக்கத்தான் வேணுமா?

தேரிக்காட்டான்

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். எங்கிட்ட ஒரு பழைய டீசல் பிக்கப் கெடக்கு, 20 வருசம் தாண்டுன வண்டி, கியர் பக்கத்துலயே குட்டி லிவர், டூவீல் ஹை (பின்சக்கரம் மட்டும் தள்ளும்), ஃபோர்வீல் ஹை (நாலு சக்கரமும் இழுக்கும்), நியூட்ரல், ஃபோர்வீல் லோ. போன வாரம் குட்டம் பக்கம் தேரிக்குள்ள பனங்கட்டை ஏத்தப் போனேன், செம்மணல்ல பின்சக்கரம் அச்சு வரைக்கும் இறங்கிட்டு, ஃபோர்வீல் ஹை போட்டதும் சொன்னபடி ஏறி வந்துட்டு. அதுவரைக்கும் சரி. நான் செஞ்ச கிறுக்குத்தனம் என்னன்னா லிவர எடுக்க மறந்து திசையன்விளை வந்து அங்கன இருந்து வள்ளியூர் வரைக்கும் தார் ரோட்டுலயே அப்படியே ஓட்டிட்டு வந்துட்டேன். வளைவுல ஸ்டேரிங் கட்டையா இருந்துது, டயர்ல காத்து கம்மி போலன்னு நெனச்சுக்கிட்டேன். வீட்டுல வந்து லிவர இழுத்தா சவம் அசைய மாட்டேங்கு. பட்டறையில கேட்டா உள்ள பல்ல நகத்துற ஃபோர்க் வளைஞ்சிருக்கும், முன்னயும் பின்னயும் இழுவையப் பிரிச்சுக் குடுக்குற பெட்டிய (டிரான்ஸ்ஃபர் கேஸ்) இறக்கணும், 18000 ஆவும்னு சொல்லுதாரு. வண்டிய வித்தாலே எவ்வளவு வரும்னு தெரியல. என்ன செய்ய?

களக்காட்டு வாழைத்தார்

பெட்டில யாரையும் கைவைக்க விடாதீங்க அண்ணாச்சி. நீங்க தார்ல ஓட்டுனேன்னு சொன்னீங்க பாத்தீங்களா, அங்கயே விடை இருக்கு. இந்த மாதிரி வண்டில ஃபோர்வீல் போட்டா, முன்சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட்டும் பின்சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட்டும், ரெண்டையும் வேற வேற வேகத்துல சுத்த விடுற டிஃப்ரன்ஷியல் நடுவுல இல்லாம, ஒண்ணாப் பூட்டிக்கிடும். வளைவுல முன்சக்கரம் பெரிய வட்டம் போவும், பின்சக்கரம் உள்வட்டம். மணல்ல, சேத்துல டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தத் தீத்துக்கிடும், தார்ல வழுக்காது, அதனால அவ்வளவும் ஷாஃப்ட்ல முறுக்கா ஏறி நிக்கும். அந்த முறுக்குல பல்லு பல்ல இறுக்கிப் புடிச்சிருக்கும்போது லிவர் எப்படி வரும்?

தோட்டத்து மண்ணுல வண்டிய விட்டு நேரா ரிவர்ஸ்ல ஒரு 10, 15 மீட்டர் பைய போங்க, ஸ்டேரிங்க லேசா அங்கிட்டும் இங்கிட்டும் ஆட்டிக்கிட்டே கிளட்ச மிதிச்சு லிவர டூவீலுக்குத் தள்ளுங்க. முறுக்கு விடுற நேரத்துல தன்னால விழும். எனக்கு வாழைத்தார் ஏத்துற சீசன்ல வருசத்துக்கு ரெண்டு தடவையாவது இதே கூத்துதான்.

மொட்டைப்பாறை

எதுக்கு இவ்வளவு? கீழ படுத்து லிவர் கம்பில சுத்தியலால ரெண்டு போடு போட்டா வந்துரும்.

களக்காட்டு வாழைத்தார்

ஓய், வளையாத ஃபோர்க்க வளைக்கிறதுக்கு வழி சொல்லுதீரு.

தேரிக்காட்டான்

ரிவர்ஸ் போனேன், "டக்"குனு ஒரு சத்தம், லிவர் விழுந்துட்டு! வண்டியும் லேசாயிட்டு. ஆனா சும்மா இருக்காம இன்னிக்கு திருப்பிப் போட்டுப் பாக்கலாம்னு நேர்ரோட்டுல ஒரு 2 கிலோமீட்டர் போனேன், வளைவே கெடையாது, மறுபடியும் மாட்டிக்கிட்டு. தவிர டூவீல்ல நிக்கும்போது கூட லிவர் ரெண்டு கையால இழுக்குற மாதிரிதான் இருக்கு.

பழைய ஸ்பேனர்

நேர்ரோட்டுல மாட்டுதுன்னா டயரப் பாக்கணும் தம்பி. முன்னயும் பின்னயும் ஒரே சைஸா, ஒரே தேய்மானமா? சக்கரம் ஒரு சுத்துக்கு சுமாரா 2.2 மீட்டர் ஓடும்னு வையுங்க. முன்டயர் பின்ன விட 8 மில்லிமீட்டர் தேஞ்சிருந்தா ஒரு சுத்துக்கு 5 சென்டிமீட்டர் கொறையும், கிலோமீட்டருக்கு 20 மீட்டருக்கு மேல வித்தியாசம். பூட்டுன ஷாஃப்ட் இத எங்க கொண்டுபோய் வைக்கும்?

கட்டையா இருக்குறது வேற சங்கதி. முதல்ல முறுக்க எடுத்துட்டு, வண்டிய சமதரையில நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் கல்லு குடுங்க. இத மறந்துராதீங்க, குட்டி லிவர் நியூட்ரல்ல வந்துட்டா மெயின் கியர்ல போட்டிருந்தாலும் வண்டி உருளும், நீங்க அடியில படுத்திருப்பீங்க. லிவர்ல இருந்து பெட்டிக்குப் போற கம்பியோட ஸ்பிளிட் பின்னக் கழத்தி கம்பிய விடுவிச்சு, பெட்டில அந்தக் கம்பி மாட்டியிருந்த கைய (குட்டித் தண்டு) ஸ்பேனரால பைய ஆட்டிப் பாருங்க. அது "டிக் டிக்"குன்னு எல்லா இடத்துலயும் விழுந்தா உள்ள நல்லா இருக்கு, குத்தம் வெளியதான். அதுவும் விழலன்னாத்தான் பெட்டியப் பத்தியே பேசணும். அப்பயும் முதல்ல ஆயில் பிளக்கக் கழத்தி இரும்புத்தூள் வருதான்னு பாத்துட்டு. நான் எஸ்டேட் ஜீப்புகள்ல பாத்த வரைக்கும் பாதிக்கு மேல வெளிய துருதான், மழையில சேறு போயி ஒக்காந்துகிடும்.

ரிவர்ஸ்லயும் முறுக்கு விடலன்னா பின்சக்கரத்துக்கு கல்லு குடுத்துட்டு முன்சக்கரம் ஒண்ண ஜாக்கி வச்சுத் தூக்குங்க. தரைய விட்டதும் சடார்னு சுத்தும், கை பக்கத்துல இருக்கப்பிடாது.

தேரிக்காட்டான்

அண்ணாச்சி கால்ல விழுதேன். பின்டயர் ரெண்டும் சித்திரைல போட்ட புதுசு, முன்னது ரெண்டும் வழுக்கை மண்டைதான். கம்பியக் கழத்துனேன், பெட்டில உள்ள கை ஒத்த விரல்ல விழாட்டியும் ஸ்பேனருக்கு சுகமா விழுது. லிவர் ஆடுற பின்னுதான் துருப்புடிச்சு ஒட்டிக்கெடந்துது, மண்ணெண்ணெய் ஊத்தி ராத்திரி முழுக்க ஊறவச்சு கழத்துனா உள்ள பின்னச் சுத்தி இருக்க வளையம், புஷ், முட்டை வடிவத்துல தேஞ்சிருக்கு. இந்த புஷ் கடையில கெடைக்குமா?

பழைய ஸ்பேனர்

தேடி அலையாதீங்க, லேத்துல பின்னக் குடுத்தா அளவுக்கு கன்மெட்டல்ல கடைஞ்சு தருவாங்க. மாட்டும்போது கிரீஸ் வையுங்க. முன்டயர் மாத்துற வரைக்கும் ஃபோர்வீல் தேரியோட நிக்கட்டும், தார்ல ஏறுறதுக்கு முன்னாடி மண்ணுலயே எடுத்துருங்க.